கூட்டாத கூண்டு

கன்னியம்மாளுக்குத் துடைப்பம் பழகின கை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைக் காய் புடைப்பது, தூசி கூட்டுவது, மூட்டைக்கு அடியில் சிந்திக் கிடக்கிற கம்பையும் சோளத்தையும் முறத்தில் அள்ளுவது, இதுதான் அவள் பிழைப்பு. அப்படிக் கூட்டியே காலம் தள்ளினவள், தன் வீட்டுப் புழக்கடையில் இருந்த புறாக் கூண்டை மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கூட்டவில்லை. கூட்ட வந்தவர்களையும் கிட்டே விடவில்லை.

அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தகப்பன் இருசப்பனுக்கு மூன்று பெண்கள். மூத்தவளைச் செங்கத்துப் பக்கம் கொடுத்தார், கடைசிப் பெண்ணைச் சொந்த அக்காள் மகனுக்கே கொடுத்தார், நடுவில் பிறந்த இவளைத் திருவண்ணாமலையில் மண்டி மூட்டை தூக்குகிற அப்பாதுரைக்குக் கொடுத்தார். அய்யங்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. பெற்ற பிள்ளைகளில் முதல் இரண்டும் பால்குடி மறக்குமுன்னே போய்விட்டன. மூன்றாவதாக வந்து தங்கினவன் தசரதன்.

தங்கினானே தவிர, தகப்பனுக்கு அவன் ஆகவில்லை. மூட்டை தூக்கப் போகமாட்டான். டீத்தூள் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி, ஆள் குனிந்து நுழைகிற உயரத்தில் கிணற்றடியில் ஒரு கூண்டு கட்டினான். அதில் புறா வளர்த்தான். வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற கர்ணப் புறாக்கள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தான். வெள்ளைப் பெட்டைக்குப் பால்காரி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மற்றவற்றை விரட்டித் திரியும் கறுப்பு ஆண் புறாவுக்கு ஏட்டய்யா. "ஏட்டய்யா வராரு, லைசென்சு இருக்குதா பாரு" என்று அவன் சொன்னால் கன்னியம்மாள் சிரித்து உருளுவாள்.

எமர்ஜென்சியை நீக்கின வருஷம் வைகாசியில்தான் அது நடந்தது. மண்டிக்காரருடைய தாயாருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. புறா ரத்தத்தைச் சூடு ஆறுமுன் தேய்த்தால் உணர்ச்சி திரும்பும் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். "எங்கூட்லயே இருக்குதுங்க மொதலாளி" என்று அப்பாதுரை முந்திக்கொண்டான். முதலாளி மனசு குளிரவேண்டும் என்று, இருந்ததிலேயே நல்ல ஜோடியைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான்.

தசரதன் வந்து பார்த்தான். "ஜோடி எங்கப்பா?"

"ஒரு உசுரக் காப்பாத்தக் குடுத்தேன். புறாதானடா. இது போனா இன்னொண்ணு பொரிக்கும்."

"நீ பெத்ததும் அப்பிடித்தானா? ஒண்ணு போனா இன்னொண்ணு பொரிக்கும்னு இருந்துட்டியா?"

போன இரண்டு குழந்தைகளையும் குழியில் வைத்தவன் அப்பாதுரை. அவன் கை ஓங்கியது, பையன் கன்னத்தில் இறங்கியது. தசரதன் கூண்டுக்குப் போய்த் தீனி போட்டான், சட்டையை மாட்டிக்கொண்டான். வாசலில் தாயிடம், "சாயங்காலம் தண்ணி மாத்திடும்மா" என்றான். அவ்வளவுதான். பெங்களூர் பஸ்ஸில் ஏறினான் என்று பெட்டிக்கடைக்காரன் பிறகு சொன்னான்.

ஒருவர் ஊருக்குப் புறப்பட்டால் பின்னாலேயே வீட்டைக் கூட்டுவது, பிணம் போன வீட்டில் செய்கிற காரியம். போனவர் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் துடைப்பத்தைத் தொடமாட்டோம். அது தெரிந்திருந்தும், அன்றைக்கே அப்பாதுரை துடைப்பத்தை எடுத்தான். கன்னியம்மாள் குடத்தோடு தெருக்குழாயிலிருந்து திரும்பும்போது, அடுப்பங்கரையிலிருந்து வாசல் வரை கூட்டி முடித்திருந்தான். ஆம்பிளை கையில் துடைப்பத்தைப் பார்த்து சந்தே நின்று வேடிக்கை பார்த்தது.

"தொலஞ்சான் சனியன்" என்று சொல்லிக்கொண்டே அவன் புழக்கடைக்கு நடந்தான். கூண்டுக் கதவை மறித்து நின்றாள் கன்னியம்மாள்.

"வூட்டக் கூட்டிட்ட. இதத் தொட்டுப் பாரு. உன் கண்ணு முன்னாலயே கெணத்துல வுழுந்துடுவேன்."

அவன் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அவள் கணக்கு இதுதான். பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்தான் என்று ஒரு வார்த்தை வரட்டும், கூட்டலாம். அதுவரைக்கும் அவன் வழியில்தான் இருக்கிறான். வீடு கூட்டியாகிவிட்டது, அது புருஷன் செய்த பாவம். பிள்ளை கட்டின கூண்டாவது கூட்டாமல் இருந்தால் அவன் வருகிற வழி மூடாது. யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பயத்தில் அவளே பிடித்துக்கொண்டது.

வார்த்தை வரவில்லை. மண்டியில் வாரிய கம்பும் சோளமும் மடி நிறையப் புறாக்களுக்கு வந்தது. அவை முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. எச்சம் தரையில் விழுந்து காய்ந்தது, அதன்மேல் விழுந்தது, மறுபடியும் காய்ந்தது. அப்பாதுரையின் தங்கை தனம் வேங்கிக்காலில் வாழ்க்கைப்பட்டவள், வந்தபோதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, இந்த நாத்தம். மாமியாக்காரி இருந்தா உன்ன வூட்ல வெச்சிருப்பாளா?"

"மாமியாக்காரி இருந்தா மொதல்ல அவ புள்ளையக் கேட்டிருப்பா."

தனம் மூக்கைப் பொத்தின கையோடு கிளம்பிப் போனாள்.

அவன் போன மூன்றாவது ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் உட்கார்ந்த மேகம் எழுந்திருக்கவே இல்லை. கூண்டுக்குள் சாரல் அடித்து, காய்ந்து கிடந்த எச்சமெல்லாம் களியாக ஊறிப்போயிற்று. புறாக்கள் அதிலேயே நடந்தன, அதில் சிந்தின தானியத்தையே கொத்தின.

முதலில் குஞ்சுகள் வாடின. பிறகு பெரியவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தின. தின்னாமலும் இல்லை. வெறிபிடித்த மாதிரி தின்றன, ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி நெருடியது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போயிற்று. மேலே ஏவிவிட்டால் ஓட்டுக்கு மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டன. கர்ணம் போட ஒன்றுக்கும் தெம்பில்லை.

கன்னியம்மாளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவனை நினைத்து ஏங்குகிறதுகள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். "வந்துடுவான்டா. கார்த்திகை தீவத்துக்கு வந்துடுவான். தின்னுங்கடா." இன்னும் அதிகமாகத் தீனி போட்டாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி அலகைப் பிரித்து ஊட்டினாள். தினமும் ஒன்று செத்தது.

பால்காரி செத்த அன்று தனம் வந்திருந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை, வாய்தான் நிற்காது.

"எனக்கு இன்னாவோ நல்லாப் படல அண்ணி. வளத்தவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வாயில்லாத ஜீவனுக்குத்தான் மொதல்ல தெரியுமாம்."

"தனம், வாய மூடு."

"நானா சொல்றேன்? ஊர்ல சொல்றது."

கன்னியம்மாள் எழுந்தாள். பால்காரியை மஞ்சள் பைக்குள் போட்டாள். மழையிலேயே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே கம்பவுண்டர் ராமகிருஷ்ணன் அவளுக்கு தூரத்து உறவு. பெரியம்மா மகள் ராணியம்மாளுடைய நாத்தனாருக்குப் புருஷன். முறைக்குத் தம்பி ஆகவேண்டும்.

"இன்னாக்கா, மாடு எங்க?"

"மாடு இல்ல தம்பி." பையைப் பிரித்துக் காட்டினாள்.

"புறாவா? கொழம்பு வெச்சிட்டுக் கூப்புடுவன்னு பாத்தா, இங்க தூக்கினு வந்துட்ட?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். "இன்னாக்கா ஆச்சு?"

"எல்லாம் சாவுதுடா. ஏங்கி ஏங்கி சாவுது. எம்புள்ளைக்கு இன்னாவோ ஆயிடுச்சா, சொல்லு."

ராமகிருஷ்ணன் வேப்பமரத்தடிக் கல்லில் புறாவைப் படுக்க வைத்து பிளேடால் கீறினான். குடலை வெளியே இழுத்து நீளவாக்கில் வகிர்ந்தான். உள்ளே வேறெதற்கும் இடமில்லாமல் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் திரிதிரியாக அடைத்துக்கொண்டிருந்தன. வேகவைத்த சேமியாவைக் கையால் பிடித்து அமுக்கின மாதிரி. சிலது இன்னும் நெளிந்தது.

"இதான்க்கா உன் ஏக்கம். குடல் பூச்சி. நீ போடற கம்பு சோளமெல்லாம் இதுங்கதான் தின்னுது, புறா பட்டினியில சாவுது."

கன்னியம்மாள் அந்தக் குடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருவருப்புக்குப் பதிலாக அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"உம்புள்ளைக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? இங்க பாரு. சாயங்காலம் தண்ணிய எடுத்துடு. காலையில நல்லா தாகத்தோட இருக்கும்போது இந்த மருந்தக் கலந்து வெய்யி. பூச்சி வெளிய வந்து வுழும். ஆனா அது பாதிதான். மீதி கூண்டுத் தரையில கீது. எச்சத்துல பூச்சியோட முட்டை இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துல ஊறி முத்தினு இருக்கும். புறா அதக் கொத்தினா மறுபடியும் பூச்சி. அதனால கூண்ட சுத்தமா சொரண்டிக் கூட்டி, தூர கொளுத்திடணும். சுண்ணாம்பு அடி. தெனம் கூட்டு. புரியுதா?"

"புரியுது தம்பி."

புரிந்தது. அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம்.

மருந்தைக் கொடுத்தாள். மறுநாள் எச்சத்தோடு புழுக்கள் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். ஒவ்வொன்றையும் குச்சியால் எடுத்துத் தணலில் போட்டாள். துடைப்பத்தைத் தொடவில்லை. குச்சியால் பொறுக்குவது கூட்டுவது ஆகாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். புறாக்கள் தேறின. கார்த்திகைத் தீபத்தன்று ஏட்டய்யா கோபுர உயரத்துக்கு ஏறி ஒரு கர்ணம் போட்டது. அவள் புழக்கடையில் நின்று கை தட்டினாள். பிறகு பொழுது சாயும் வரை தேரடியில் நின்று ஜனக்கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கிட்டே வந்த ஒரு பையனைத் தோளைப் பிடித்துத் திருப்பிக்கூடப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ, "இன்னா பெரிம்மா?" என்றான்.

மார்கழி முடியுமுன் மறுபடியும் நெஞ்செலும்பு நெருடத் தொடங்கியது. மறுபடியும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள்.

"கூண்டக் கூட்டினியாக்கா?"

"கூட்டினேன் தம்பி."

"சொரண்டினியா?"

"சொரண்டினேன்."

"சுண்ணாம்பு?"

"அதுவும் அடிச்சேன்."

முறைக்குத் தம்பி. அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பவும் மருந்து கொடுத்தான். புறாக்கள் தேறின, திரும்பவும் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் தேறுகிறது குறைந்துகொண்டே வந்தது, சாகிறது கூடிக்கொண்டே போயிற்று. தனத்திடம் பேச்சை நிறுத்திவிட்டாள். கூட்டினால் பிள்ளை போய்விடுவான், கூட்டாவிட்டால் பிள்ளையின் புறா போய்விடும். அவனிடமிருந்து அவளுக்கு மிச்சம் இருந்தது அவை மட்டும்தான். அவன் வந்து கூண்டைப் பார்க்கும்போது ஒன்றும் இல்லையென்றால் திரும்பவும் பஸ் ஏறிவிடமாட்டானா?

தை மாசம் ராமகிருஷ்ணனே சைக்கிளில் வந்துவிட்டான். "மருந்து வேல செய்யாம போவாதுக்கா, இன்னான்னு பாக்கலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கூண்டுக்குள் தலையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தான்.

"யக்கா! இது கூண்டா, எருக்குழியா? ஒரு சாண் உயரத்துக்குக் கெடக்குது! கூட்டினேன்னு சொன்னியே?"

அவள் கூண்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்னை இன்னா கேனயன்னு நெனச்சிக்கினியா? நாலு பேரு மாட்டுக்கு இல்லாத மருந்தக் கேட்டு வாங்கி உனக்குக் குடுத்துனு இருக்கேன்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் வீட்டைக் கூட்டினது, சேதி வராதது, தான் வைத்திருந்த கணக்கு, எல்லாம். ராமகிருஷ்ணனுக்குக் கோபம் போய்விட்டது. சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நான் வேணா கூட்டட்டுமாக்கா? நான் வெளியாளுதானே?"

"வாணாம்."

"அப்ப மருந்து கேட்டு வராதக்கா. குடுத்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. இருக்கறதும் மாசி பொறக்கறதுக்குள்ள போயிடும். நான் பொய் சொல்லல."

அவன் போன பிறகு, கிணற்றடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த அப்பாதுரை எழுந்து வந்தான். தசரதன் போன நாளிலிருந்து இருவரும் சோறு, தண்ணீர், வேலை என்பதற்குமேல் பேசிக்கொண்டதில்லை.

"நான் கூட்டறேம்மே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏற்கெனவே ஒருதரம் கூட்டினவந்தானே நானு. வர்றது எம்மேலயே வரட்டும். உனக்கு ஒண்ணும் இல்ல."

மூட்டை தூக்கித் தூக்கிக் குனிந்துபோன முதுகு. அந்தக் கையால்தான் பிள்ளையை அடித்தான், அந்தக் கையால்தான் இரண்டு பிள்ளைகளைக் குழியில் இறக்கினான். இத்தனை நாளும் இவன் மேல் பாவத்தைச் சுமத்திவிட்டுத் தான் மட்டும் பிள்ளைக்குக் காவல் இருந்ததாக நினைத்தது அவளுக்கு அப்போது உறைத்தது. உள்ளே ஏட்டய்யா கால் மடங்கி நெஞ்செலும்பின் மேல் சாய்ந்து கிடந்தது. அலகு திறந்து திறந்து மூடியது.

"வாணாம். நானே பண்றேன்."

துடைப்பத்துக்கு அந்த எச்சம் மசியவில்லை. மம்முட்டி எடுத்து வெட்டவேண்டியிருந்தது. மேல் பொருக்கு உடைந்ததும் அடியில் கறுத்த ஈரம், அதில் நெளிகிற புழுக்கள், செத்த குஞ்சுகளின் எலும்பு. கண் எரிந்தது. வெட்டி வெட்டிக் கூடையில் நிரப்பினாள், அப்பாதுரை சுமந்துகொண்டு போய்க் குழியில் கொட்டினான். ஒவ்வொரு கூடைக்கும் அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "உன்னத் தள்ளலடா தசரதா. பூச்சியத்தான்டா தள்ளறேன். உன்னத் தள்ளலடா." பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள். பலகை தெரிந்ததும் துடைப்பத்தை எடுத்தாள். கூட்டினாள். வைக்கோலைக் கொளுத்திப் பலகையைத் தீயில் காட்டினாள், சுண்ணாம்பு அடித்தாள். அப்புறம் அப்பாதுரையே போய் ராமகிருஷ்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டு மருந்து வாங்கி வந்தான்.

பிறகு அவள் காத்திருந்தாள். தபால்காரன் சந்துக்குள் திரும்பினால் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். போலீஸ்காரன் ஒருவன் முகவரி கேட்டு வந்து அடுத்த வீட்டுக்குப் போனபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றும் வரவில்லை. கெட்டதும் வரவில்லை, நல்லதும் வரவில்லை.

புறாக்கள் பிழைத்தன. பிழைத்தவை சொற்பம்தான், ஆனால் நின்றுவிட்டன. ஏட்டய்யாவுக்குக் கால் ஊன்றியது. பங்குனியில் ஒரு பெட்டை முட்டை வைத்தது. ராமகிருஷ்ணன் வந்து பார்த்து, "இப்பதான்க்கா கூண்டு" என்றான்.

அவன் சந்தோஷமாகச் சொன்னான். கன்னியம்மாள் கூண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள், அழுகை நிற்கவே இல்லை. கூட்டினதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கூட்டாமல் இருந்ததாலும் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை காலம் தான் எதையோ பிடித்துக்கொண்டு அவனை உயிரோடு வைத்திருந்ததாக நினைத்தாளே, அந்தக் கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டியிருக்கவில்லை. பால்காரியும் மற்றவையும் சும்மாவே செத்தன. அவனைத் தேடி யாரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அப்பாதுரை வீம்பில் வைக்கவில்லை. இவள் காவல் காக்கிறேன் என்று வைக்கவில்லை.

மறுநாள் காலையில் கூண்டைக் கூட்டினாள், தண்ணீர் மாற்றினாள். ஒரு புடவையையும் கட்டுச்சோற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மே?" என்றான் அப்பாதுரை.

"பெங்களூருக்கு."

"அங்க எங்கன்னு தேடுவ? அது இன்னா நம்ம சந்தா?"

"தெனம் கூட்டு. ஈரம் இல்லாம பாத்துக்க. அந்தப் பெட்டைய மட்டும் தொடாத, முட்ட மேல அவயத்துல இருக்குது."

"நானும் வரட்டுமா?"

"நீ வந்தா இதுங்களுக்கு யாரு இருக்கறது? அவன் இந்தப் பக்கம் வந்துட்டா, வூட்ல யாரு இருக்கறது?"

பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. படிக்கட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்தான்.

"எங்கம்மா எறங்கணும்?"

"பெங்களூருப்பா."

"பெங்களூருன்னா? எந்த எடம்? ஊரு பெருசும்மா, எடம் சொல்லு."

இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டுக்காரர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

"அங்க புறா வளக்கறவங்க எந்தப் பக்கம் இருக்கறாங்களோ, அங்க எறக்கி வுட்ருப்பா."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். கண்டக்டர் சிரிக்கவில்லை. அவளை ஒருதரம் பார்த்தான், கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தான், விசில் ஊதினான்.